எந்தப் பெட்டியில் யார் குட்டி

வேன்காரருக்கு முயலைப் பற்றித் தெரியாதது ஒன்றுமே இல்லை என்று அந்தத் தெரு நம்பியது. தெருவை விடுங்கள், வேன்காரரே நம்பினார். அங்கேதான் வந்தது வினை.

விடிந்தும் விடியாமலும் பள்ளிக்கூட வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தெருத்தெருவாக நின்று, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு, பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, வேனுக்குள் சிந்திக்கிடக்கும் பென்சில் துருவலையும் பிஸ்கட் தூளையும் கூட்டித் தள்ளிவிட்டு வீடு திரும்புவதற்குள் வெயில் ஏறிவிடும். அதற்குப் பிறகுதான் அவருடைய நிஜமான வாழ்க்கை தொடங்கும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரைக் கொட்டகை, அதற்குள் இரண்டு வரிசை கம்பிக் கூண்டுகள், ஒவ்வொரு கூண்டிலும் ஒரு தாய் முயல், அது குட்டி போட ஒரு மரப்பெட்டி. வளர்ந்த குட்டிகளைக் கறிக்கடைக்காரர் வாரம் ஒருமுறை வந்து எடுத்துப்போவார்.

வேன்காரருக்கு ஒரு கொள்கை இருந்தது. கறி முயல் வளர்ப்பில் தீவனம் கொஞ்சம், சுத்தம் கொஞ்சம், மற்றதெல்லாம் வம்சம். தாய் முயல் நாலு குட்டி போட்டாலும் அதே தீனிதான் தின்கிறது, பத்துப் போட்டாலும் அதே தீனிதான் தின்கிறது. ஆகவே நிறையப் போடுகிறவளின் மகளைத் தாயாக நிறுத்து, அவள் மகளை நிறுத்து, குறையப் போடுகிறவளைத் தயவு பார்க்காமல் கறிக்கு அனுப்பு. சில வருஷத்தில் கொட்டகை தாங்காது. இதை அவர் தீவனக் கடையில் சொன்னார், வேனுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவரிடம் சொன்னார், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோரைப் பிடித்து நிறுத்திவைத்துச் சொன்னார். ஊரில் இந்தக் கொள்கையைக் கேட்காத காது என்று ஒன்று இருந்தால் அது அவர் மனைவியின் காதுதான். அந்த அம்மாள் காலையில் கொட்டகை வேலையை முடித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் கடைகளுக்குத் தலையணை உறை தைத்துக்கொண்டிருப்பாள். தையல் மிஷினின் கடகடப்பில் கொள்கையெல்லாம் உள்ளே நுழைய வழியில்லை.

கொட்டகையின் பெருமை மகாராணி. வெள்ளை வெளேரென்று, வாசலோரக் கூண்டில் பெயருக்கு ஏற்ற மாதிரி உட்கார்ந்திருப்பாள். அவள் ஈன்ற அன்று வேன்காரர் வீடு திரும்பிப் பெட்டிக்குள் கையை விட்டால் ஒன்பதுக்குக் குறையாது, சில தடவை பத்து. அந்தப் பத்திலேயும் கொழுகொழுவென்று இருக்கிற பெண் குட்டியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அடுத்த தாயாக நிறுத்துவார். கொட்டகையின் அவமானம் கருமி. அவளும் வெள்ளைதான், ஆனால் நோஞ்சான், ஒடுங்கின முகம். அவள் பெட்டியில் எப்போது பார்த்தாலும் நாலு, மிஞ்சினால் ஐந்து. கொடுக்க மனசே வராத பிறவி என்று வேன்காரர்தான் அந்தப் பெயரை வைத்தார். இத்தனை நாள் அவளைக் கறிக்கு அனுப்பாமல் வைத்திருந்ததற்குக் காரணம் மனைவிதான். அதை அனுப்பினால் நான் கொட்டகைக்குள் கால் வைக்க மாட்டேன் என்று ஒரு தடவை சொல்லியிருந்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது தங்கச்சி கதைக்கு வருவோம்.

வேன்காரருக்கு ஒரே ஒரு தங்கை. அவள் புருஷன் வேலைக்கென்று வேறு ஊருக்குப் போனவன் அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். தங்கச்சி அழுது தீர்த்துவிட்டு ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அச்சகத்தை மூடிவிட்டார்கள். பொத்தான் கம்பெனியில் சேர்ந்தாள். அதையும் மூடிவிட்டார்கள். சொந்தக்காரர்களுக்கு இது போதாதா? அவளுக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பூட்டு வந்திருக்கிறாள், கடைக்காரரே ஜாக்கிரதை என்று கிண்டலடிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அடுத்து எந்தக் கம்பெனியை மூடலாம் என்று யோசிக்கிறேன், உங்களுக்கு யார் மேலேயாவது கோபம் இருந்தால் சொல்லுங்கள் என்பாள். நல்ல வாயாடி.

அவளுக்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று வேன்காரர் மகாராணியின் மகள்களில் மூன்றைக் கொடுத்தார். அவள் குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில் தானே நின்று கூண்டு அடித்தார், நிழலுக்குத் தகரம் போட்டார், ஆண் முயல் ஒன்றும் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு வளர்த்துக்கொண்டு போ, ஒவ்வொன்றும் பத்துப் போடும், நான் பொறுப்பு என்றார். தங்கச்சி அந்த மூன்றையும் பெற்ற பிள்ளைகளாகப் பார்த்துக்கொண்டாள்.

முதல் ஈற்றில் நாலு, மூன்று, ஐந்து.

முதல் ஈற்று எப்போதும் கொஞ்சம் குறைச்சலாகத்தான் இருக்கும் என்று வேன்காரர் சமாதானம் சொன்னார். இரண்டாவது ஈற்றில் மூன்று, நாலு, நாலு. வேன்காரர் நம்பவில்லை. தாய் மிதித்துச் செத்ததை நீ தூக்கிப் போட்டிருப்பாய், பூனை வந்திருக்கும், எண்ணத் தெரியாமல் எண்ணியிருப்பாய் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிவிட்டு, தானே மாடியேறிப் போய்ப் பெட்டிக்குள் கையை விட்டு எண்ணினார். தாய் தன் வயிற்று முடியைப் பிடுங்கிப் போட்டிருந்த மெத்தைக்குள் துழாவித் துழாவிப் பார்த்தார். மூன்று, நாலு, நாலுதான்.

அன்றைக்குப் பிடித்தது வேன்காரருக்குக் குழப்பம். ஆண் முயலில் கோளாறு என்று அதை மாற்றினார். தீவனக் கடைக்காரர் தாய்களுக்குக் கொழுப்பு வைத்துவிட்டது, தீனியைக் குறை என்றார். குறைத்தார்கள். மாட்டு டாக்டர் பிடித்துப் பார்த்துவிட்டு தாய்கள் இளைத்திருக்கின்றன, தீனியைக் கூட்டு என்றார். கூட்டினார்கள். பக்கத்துக் கட்டடத்து லேத் பட்டறைச் சத்தமோ என்று கூண்டுகளை மாடியின் அந்தக் கோடிக்கு நகர்த்தினார்கள். அந்தக் கோடியில் வெயில் அதிகமோ என்று திரும்ப இந்தக் கோடிக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஈற்றிலும் அதே நாலு, அதே மூன்று. வேன்காரர் ஒரு பிள்ளையை அதன் வீட்டில் இறக்க மறந்துவிட்டு, வேனிலேயே வைத்து வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவியிடமும் புலம்பினார். மகாராணியின் மகள்கள் அங்கே போய் நாலுதான் போடுகின்றன என்றார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே, "அதுங்க அவ்வளவுதான் போடும்" என்றாள். தன் தங்கச்சியைத்தான் மட்டம் தட்டுகிறாள் என்று நினைத்து வேன்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்டால்தானே.

அவரைப் போட்டுக் குடைந்தது இதுதான். அதே மகாராணியின் இன்னொரு மகள் அவருடைய கொட்டகையிலேயே இருந்தாள். அவள் பெட்டியில் எப்போதும் எட்டு, ஒன்பது. ஒரே ரத்தம், ஒரே தீவனம், ஒரே வயது. இங்கே ஒன்பது, அங்கே நாலு. எப்படி? கடைசியில் சோதித்துவிடுவது என்று தங்கச்சியின் முயல்களில், தன் கொட்டகை முயல்களோடு ஒரே நாளில் ஈன வேண்டிய ஒன்றைச் சினையாக இருக்கும்போதே தன் கொட்டகைக்குக் கொண்டுவந்து வைத்தார். அது ஈன்ற அன்று வேனை நிறுத்தின கையோடு ஓடிவந்து பெட்டியைத் திறந்தார். ஒன்பது. ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணினார். ஒன்பதேதான்.

மனைவியிடம் ஒன்பது என்று கத்திச் சொல்லிவிட்டு, அப்படியே தங்கச்சி வீட்டுக்குப் போனார். சந்தோஷத்தில் போனாரா, கோபத்தில் போனாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மாடிப்படியில் தங்கச்சி தண்ணீர் வாளியோடு ஏறிக்கொண்டிருந்தாள். அங்கேயே நிறுத்திச் சொன்னார். ஒன்பது போட்டிருக்கிறது, என்னுடைய இடத்தில் ஒன்பது போட்டிருக்கிறது என்றார். தங்கச்சி முகம் மலர்ந்து, அப்படியென்றால் இங்கே என்னதான் கோளாறு என்று கேட்டாள்.

"முயல்ல ஒன்னும் இல்லை. தீனியில ஒன்னும் இல்லை. எல்லாத்தையும் மாத்திப் பார்த்தாச்சு" என்றார் வேன்காரர். "மாத்தாம மிச்சம் இருக்கிறது உன் கை ஒன்னுதான். எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியலம்மா."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். தங்கச்சி எப்போதும் போல ஏதாவது கிண்டல் பண்ணுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வாளியைப் படியில் வைத்துவிட்டு, உள்ளங்கைகளை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.

அதற்கப்புறம் அவள் மாடியில் வெறுங்கையோடு எதையும் தொடவில்லை. பாத்திரம் கழுவுகிறவர்கள் போடும் ரப்பர் கையுறையை முழங்கை வரைக்கும் மாட்டிக்கொண்டுதான் தீனி வைத்தாள், தண்ணீர் ஊற்றினாள். பெட்டிக்குள் கை விட வேண்டுமென்றால் கீழ் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக்கொண்டாள். வேன்காரர் பார்த்துவிட்டு என்ன இது என்று கேட்டதற்கு, சுத்தத்துக்கு என்றாள். அதே வாயால் இன்னொன்றும் சொன்னாள். தூரத்து ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் தங்கி வேலை பார்க்க ஆள் கேட்டிருக்கிறார்கள், மாதக் கடைசியில் போகிறாள். கூண்டுகளை அவர் எடுத்துக்கொள்ளலாம்.

"பாவம், அந்தக் கிழடுங்க எங்க போகுமோ, நான் போய் அதையும் மூடிட்டா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

போகாதே என்று வேன்காரர் சொல்லலாம். எதை வைத்துச் சொல்வது? அவர் கொட்டகையில் ஒன்பது இருந்தது உண்மை. அவள் மாடியில் நாலு இருந்ததும் உண்மை. ராசி, கிராசி என்பதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை அவர். ஆனால் நம்பாமல் இருப்பதற்கும் அவரிடம் வேறு விளக்கம் இல்லை. வீட்டுக்கு வந்து, யார் மேல் காட்டுவது என்று தெரியாத கோபத்தைக் கருமி மேல் காட்டினார். கூண்டுக் கதவில் கட்டியிருந்த தகரத் துண்டில் சுண்ணக்கட்டியால் பெரிய பெருக்கல் குறி போட்டார். இந்த ஈற்று முடிந்ததும் நீ கறிக்கடைக்கு, மனைவி கொட்டகைக்குள் வந்தால் வரட்டும் வராவிட்டால் போகட்டும் என்று முடிவு கட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. வேன்காரர் முதல் தெருவில் பிள்ளைகளை ஏற்றும்போதே போன் பண்ணி, இன்றைக்குப் பள்ளி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏறியிருந்த இரண்டு மூன்று பிள்ளைகளை இறக்கிவிட்டு வழக்கத்துக்கு வெகு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டார். சாதாரண விடுமுறை நாட்களில் அவர் வெயில் முகத்தில் அடிக்கிறவரை போர்த்திக்கொண்டு தூங்குகிற ஜாதி. ஆகவே இத்தனை வருஷத்தில் கொட்டகையின் அதிகாலை எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே கிடையாது. ஒரே நாளில் இணை சேர்த்த தாய்கள் ஒரே நாளில் ஈனும். அன்றைக்கு மகாராணி, கருமி, இன்னும் ஒருத்தி என்று மூன்று பேரின் முறை.

கொட்டகைக்குள் மனைவி கருமியின் கூண்டுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பழைய துணி விரித்த ஒரு பேசின். கருமியின் பெட்டிக்குள்ளிருந்து ரோஜா நிறத்தில், ரோமமில்லாத, விரல் நீளக் குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வேன்காரர் பெட்டியை எட்டிப் பார்த்தார். ஐந்து குட்டி. பேசினை எட்டிப் பார்த்தார். ஏழு. திரும்பிக் கூண்டுக் கதவைப் பார்த்தார். பெருக்கல் குறி இருந்தது. கருமியின் கூண்டுதான்.

"இது யாரோட குட்டிங்க?" என்று கேட்டார்.

கருமியோடதுதான், வேறு யாரோடது என்றாள் அவள். எழுந்து போய் மகாராணியின் முன்னால் கொஞ்சம் பச்சைத் தழையைப் போட்டாள். மகாராணி தின்னப் போன நேரத்தில் அவள் பெட்டியிலிருந்த முடியை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டாள். பிறகு பேசினிலிருந்த குட்டிகளில் ஐந்தை எடுத்து, அந்த முடியிலேயே ஒருதரம் புரட்டி, மகாராணியின் பெட்டிக்குள் இறக்கினாள். அந்தப் பெட்டிக்குள் ஏற்கெனவே இருந்தது நாலே நாலு. நல்ல பருமனான நாலு. இப்போது ஒன்பது. மிச்சம் இரண்டும் மூன்றாமவளின் பெட்டிக்குப் போயின.

வேன்காரர் திருதிருவென்று விழித்தார். என்ன பண்ணுகிறாய் என்றார். பங்கு போடுகிறேன் என்றாள். எத்தனை நாளாக என்றார். முயல் வந்த நாளிலிருந்து என்றாள், கொட்டகையைக் கூட்டுகிறேன் என்று சொல்வது போல. கருமி பாவம் பன்னிரண்டு போடுவாள், பதிமூன்று போடுவாள், ஆனால் அவளுக்கு ஐந்துக்கு மேல் பால் பத்தாது. மகாராணி நாலுதான் போடுவாள், பால் மட்டும் ஆறாக ஓடும். இருக்கிற குட்டியை இருக்கிற பாலுக்கு மாற்றி வைக்காவிட்டால் பாதி செத்துப்போகும். அதனால்தான் கருமியைக் கறிக்கு அனுப்ப அவள் விடவில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா என்று அவள் கேட்டபோது அவள் முகத்தில் நிஜமாகவே ஆச்சரியம் இருந்தது.

"நான் தினம் எண்ணுறேனே, அதை எதுக்குன்னு நினைச்சே?"

"எத்தனை பிழைச்சிருக்குன்னு பார்க்கிறீங்கன்னு நினைச்சேன்."

வேன்காரர் தீவன மூட்டை மேல் உட்கார்ந்தார். தலைக்குள் எல்லாப் பெட்டிகளும் இடம் மாறிக்கொண்டிருந்தன. மகாராணி நாலு. கருமி பன்னிரண்டு. வீட்டிலிருந்த மகளின் ஒன்பது, சோதனைக்குக் கொண்டுவந்த முயலின் ஒன்பது, எல்லாம் இந்தப் பேசின் வழியாக வந்த ஒன்பது. அப்படியென்றால் மகாராணியின் பெட்டியிலிருந்து தான் பொறுக்கி எடுத்த பெண் குட்டிகள்? அவற்றில் பாதியாவது கருமியின் மகள்களாக இருந்திருக்க வேண்டுமே? அவர் கடைசிப் பிடியாக அதைக் கேட்டார்.

நீங்கள் எப்போதும் கொழுகொழுவென்று இருக்கிறதைத்தானே எடுப்பீர்கள் என்றாள் மனைவி. நாலு பேர் மட்டும் இருந்த வயிற்றில் வளர்ந்தது கொழுகொழுவென்றுதான் இருக்கும், அது மகாராணியோடது. பன்னிரண்டு பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த வயிற்றிலிருந்து வந்தது ஒல்லியாகத்தான் இருக்கும். ஒல்லியானதையெல்லாம் கறிக்கடைக்காரர் எடுத்துப் போய்விட்டாரே.

ஆக, நிறையக் குட்டி வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்து, நாலு போடுகிறவளின் வம்சத்தையே வளர்த்திருக்கிறார். பன்னிரண்டு போடுகிறவளின் வம்சத்தை மொத்தமாகக் கறிக்கு அனுப்பியிருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, மாடிப்படியில் தங்கச்சியிடம் சொன்னது ஞாபகம் வந்தது. அதை மனைவியிடம் அவர் சொல்லியிருக்கவில்லை. இப்போது மென்று விழுங்கிச் சொன்னார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "முதல்ல அவகிட்ட போங்க" என்று மட்டும் சொன்னாள்.

போனார். தங்கச்சி மாடியில் கையுறையோடு தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். வேன்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். நடுவில் யார் பெட்டி, யார் குட்டி என்று அவருக்கே குழம்பிப்போய், இரண்டு தரம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. உன் மூன்றும் நாலு போடுகிற வம்சம், இதை யார் வளர்த்தாலும் நாலுதான் போடும், உன் கைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று முடித்தார். மன்னித்துக்கொள் என்றும் சொன்னார். அண்ணன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

தங்கச்சி கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஊரே என்னைப் பூட்டுன்னு சொல்லுச்சு. நானும் சேர்ந்து சிரிச்சேன். ஏன்னா நான் அதை நம்பல" என்றாள். "நீ சொன்னப்பதான் நம்பிட்டேன் அண்ணா. இப்ப முயல் மாறிப்போச்சுன்னு சொல்ற. சரி. நம்பினதை நான் எப்படி மாத்துறது?"

கொள்கைகள் நிறைய வைத்திருந்த மனுஷன்தான், அன்றைக்கு ஒன்றும் கைகொடுக்கவில்லை. கருமியை இங்கே கொண்டுவந்து வைக்கிறேன் என்று மட்டும் சொன்னார். உன் மூன்றையும் அவளையும் ஒரே நாளில் இணை சேர்ப்போம், கருமி போடட்டும், பால் உள்ளவை வளர்க்கட்டும், அது ஈன்றபிறகு நீ எங்கே வேண்டுமானாலும் போ. தங்கச்சி யோசித்தாள். முதியோர் இல்லத்துக்குப் பேசி, சேருகிற நாளைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அவருக்காக இல்லை, கருமியின் கதை பாவமாக இருந்ததால் என்று அண்ணியிடம் சொன்னாளாம்.

கருமி மாடிக்கு வந்தாள், சோதனைக்குப் போயிருந்த முயலும் கூடவே திரும்பி வந்தது. கூண்டுக் கதவில் இருந்த பெருக்கல் குறியை வேன்காரர் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் கொண்டுவந்தார். நாள் நெருங்க நெருங்க அவருக்குத் தூக்கம் போயிற்று. மனைவி சொன்னது நிஜம்தானா? கருமி இடம் மாறின பயத்தில் நாலு போட்டுத் தொலைத்தால்? ஒருவேளை, ஒரே ஒருவேளை, கையில்தான் ஏதாவது இருந்தால்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல வெறுப்பாக இருந்தது. ஆனாலும் வந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் தங்கச்சி போன் பண்ணினாள். மற்ற மூன்றும் ராத்திரியே ஈன்றுவிட்டன, இப்போது கருமியும் பெட்டிக்குள் போய்விட்டு வெளியே வந்துவிட்டாள், மெத்தை அசைகிறது என்றாள். எத்தனை என்று கேட்டார்.

"நான் பார்க்கல. என் வாயால சொன்னா நீ நம்பவும் மாட்ட. வந்து நீயே எண்ணிக்கோ."

வேன்காரர் போர்த்தியிருந்ததை உதறிவிட்டு, தலைகூட வாராமல் ஓடினார். மனைவி பின்னாலேயே வந்தாள். மாடியில் தங்கச்சி கூண்டுக்கு இரண்டடி தள்ளி, கையுறை மாட்டின கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வேன்காரர் பெட்டிக்குள் கையை விட்டார். கதகதவென்று இருந்தது. எண்ண ஆரம்பித்தார். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நெளிந்து அடியில் போயிற்று, தொட்டதைத் தொட்டாரா தொடாததைத் தொட்டாரா என்று தெரியவில்லை. திரும்ப முதலிலிருந்து எண்ணினார்.

"ஏழு" என்றார்.

"ஏழா?" என்றாள் தங்கச்சி.

"ஏழு மாதிரிதான் இருக்கு. எட்டோ என்னவோ."

வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாரா, நிஜமாகவே குழம்பிவிட்டாரா என்று பிற்பாடு மனைவி எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். ஒரு நாள் வேண்டுமென்றே என்பார், ஒரு நாள் சத்தியமாகத் தெரியாது என்பார். தங்கச்சிக்கு மட்டும் அந்த நிமிஷம் கோபம் சுர்ரென்று ஏறியது. இத்தனை நாள் காத்திருந்தது இந்த ஏழோ எட்டோவுக்கா? எண்ணத் தெரியாதவன்தான் என்னை எண்ணத் தெரியாதவள் என்றானா?

"நகரு" என்றாள்.

வலது கையுறையை உருவித் தரையில் வீசினாள். மண்டியிட்டுப் பெட்டிக்குள் வெறுங்கையை விட்டாள். கருமி கூண்டு மூலையிலிருந்து மூக்கை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வைத்து, வாய்விட்டு எண்ணினாள். ஏழு வந்தது, எட்டு வந்தது. ஒன்பது. பத்து. பதினொன்று. அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு நோஞ்சானைக் கண்டுபிடித்து, அதையும் வைத்து, "பன்னிரண்டு" என்றாள்.

வேன்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தங்கச்சி திரும்பிப் பார்க்காமலேயே இடது கையை உயர்த்தித் தடுத்தாள். அந்தக் கையில் இன்னும் கையுறை இருந்தது.

"பேசாத அண்ணா" என்றாள். "எவ்வளவு சூடா இருக்குங்க."

பிறகு, இவளுக்குப் பால் பத்தாதாமே, அந்த மூன்று பெட்டியையும் திறந்து வை அண்ணி என்றாள். முதியோர் இல்லத்துக்கு இன்னொரு தடவை போன் பண்ண வேண்டும் என்றும் சொன்னாள், அதை யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அண்ணி பெட்டிகளைத் திறந்து வைத்துவிட்டுப் பேசினைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். தங்கச்சி இடது கையுறையையும் பல்லால் கடித்து உருவினாள். ஆனால் வலது கையைப் பெட்டியிலிருந்து உடனே எடுக்கவில்லை.